பஸ் ஸ்டாண்ட் பெஞ்ச்: உங்க கேள்வி, நம்ம பதில்

போன இதழ்ல "டவுன் பஸ், ரூட் பஸ் பத்தி கேளுங்க"ன்னு ஒரே ஒரு வரிதான் போட்டோம். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர்னு டெல்டா முழுக்க இருந்து போஸ்ட் கார்டும் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜுமா வந்து குவிஞ்சிடுச்சு. பாதிக்கு மேல புலம்பல்தான், அதுல கேள்விக்குறி இருந்ததை மட்டும் இங்க எடுத்திருக்கேன்.

கே: பஸ்ல ஒரு காலேஜ் பையன் ஃபார்ம் குடுத்து "பஸ் சர்வீஸ் திருப்தியா இருக்கா, அஞ்சுக்கு எவ்வளவு"ன்னு கேட்டான். நான் நாலு போட்டேன். வீட்ல வந்து சொன்னா என் சம்சாரம் "வெயில்ல முக்கா மணி நேரம் நின்னுட்டு வந்து நாலா போட்டீங்க"ன்னு ஒரே சத்தம். யார் சொல்றது சரி? (திருவாரூர் வாசகர், தபால் துறையில் ஓய்வு பெற்றவர்)

ப: ரெண்டு பேரும் சரிதான் சார். தப்பு கேட்ட இடத்துல இருக்கு.

நீங்க அனுப்பின போட்டோல அந்த ஃபார்மை பார்த்தேன். பஸ் சுத்தமா இருக்கா, நேரத்துக்கு வருதா, கண்டக்டர் மரியாதையா பேசுறாரா, பாதுகாப்பா இருக்கா, உங்க கஷ்டத்தை புரிஞ்சுக்கறாங்களா, இப்படி போகுது. இதுக்கெல்லாம் மூலம் 'சர்வ்குவால்'னு ஒரு கேள்வித்தாள். 1988ல வந்தது, எழுதின மூணு பேர்ல முதல் ஆள் பரசுராமன், நம்ம சென்னை ஐஐடில படிச்சவர். மொத்தம் 22 கேள்வி, அஞ்சு தலைப்பு. அவங்க அதை பேங்க், கிரெடிட் கார்டு, ரிப்பேர் சர்வீஸ், டெலிபோன் கம்பெனி இதையெல்லாம் வச்சு உருவாக்கினாங்க, அப்புறம் உலகத்துல எல்லாரும் ஆஸ்பத்திரிக்கும் ஹோட்டலுக்கும் பஸ்ஸுக்கும் அதையே மாத்தி மாத்தி போட்டுக்கிட்டாங்க. உள்ள இருக்கற கணக்கு சிம்பிள், நீங்க எதிர்பார்த்ததுக்கும் கிடைச்சதுக்கும் எவ்வளவு வித்தியாசம்ங்கறதுதான்.

இப்ப சொல்லுங்க, நம்ம ஊர்ல பஸ்ஸுக்கு நிக்கற ஆள் என்ன எதிர்பார்க்கறான்? வந்தா போதும்னு நிக்கறான். அது வந்துடுச்சு, அதுல ஏற முடிஞ்சுது, கடைசி சீட்ல பாதி இடம் வேற கிடைச்சுது, அந்த நேரம் பார்த்து ஒருத்தன் வந்து திருப்தியான்னு கேட்டா நாலு என்ன அஞ்சே போடலாம். எதிர்பார்ப்பு தரைல கிடந்தா திருப்தி தானா மேல ஏறிக்கும்.

இன்னொண்ணு, அந்தப் பையன் கேட்டது பஸ்ஸுக்குள்ள. ஏறினவங்களைத்தானே கேட்டான்? கூட்டத்துல ஏற முடியாம நின்னவங்க, கை காட்டியும் நிக்காம போனதுல விட்டவங்க, "இனிமே இதுக்கு காத்திருக்க முடியாது"ன்னு இஎம்ஐல ஸ்கூட்டி எடுத்தவங்க, இவங்க யாரும் அந்த ஃபார்ம்ல இல்ல. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல டூவீலர் ஸ்டாண்ட் இருக்கும் பாருங்க, ஆயிரக்கணக்குல வண்டி வரிசையா நிக்கும், உண்மையான ரிசல்ட் அங்க நிக்குது.

இதை ஒழுங்கா செஞ்ச ஒரு ஊர் இருக்கு, ஸ்பெயின்ல வடக்கு கடற்கரைல சாண்டாண்டர். 2011 சென்சஸ்ல கும்பகோணம் 1,40,156 பேர், தஞ்சாவூர் 2,22,943 பேர், சாண்டாண்டர் அந்த ரெண்டுக்கும் நடுவுல, 1.7 லட்சம் சொச்சம். அதனாலதான் மெட்ரோ ஓடற ஊர் கதையை விட அது நமக்கு பொருந்தும். அங்க இருக்கற யுனிவர்சிட்டி ஆளுங்க 2010, 2011ல வெளியிட்ட ஆய்வுகள்ல பஸ்ல போறவங்களை மட்டும் கேக்கல, பஸ்ஸே ஏறாதவங்களையும் கேட்டிருக்காங்க. போறவங்க முக்கியம்னு சொன்னது காத்திருக்கற நேரம், சுத்தம், சௌகரியம். டிரைவர் சிரிச்சு பேசறாரா, கூட்டமா இருக்கா, பயணம் எவ்வளவு நேரம்ங்கறதெல்லாம் அவங்களுக்கு அப்புறம்தான். ஏறாதவங்க சொன்னது காத்திருக்கற நேரம், பயண நேரம், எல்லாத்துக்கும் மேல கூட்டம். ரெண்டு லிஸ்ட்லயும் பொதுவா இருக்கறது எதுன்னு உங்க சம்சாரத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

அந்த ஆய்வுல உங்களுக்கும் ஒரு பாயிண்ட் இருக்கு. எடுத்த எடுப்புல கேட்டா ஜனங்க ரொம்ப கடுமையா மார்க் போடறாங்களாம், ஒவ்வொரு விஷயமா யோசிக்க வச்சுட்டு மறுபடி கேட்டா கொஞ்சம் இறங்கி வர்றாங்களாம். அதனால அடுத்த தடவை ஃபார்ம் வந்தா வீட்டுக்கு எடுத்துட்டு போய் ரெண்டு பேரும் உக்காந்து போடுங்க.

கே: அரை மணி நேரம் ஒரு பஸ்ஸும் இருக்காது, வந்தா ஒரே நம்பர் ரெண்டு பஸ் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரும். வேணும்னே பண்றாங்களா? (கும்பகோணம் வாசகி, ஆசிரியை)

ப: இந்த ஒரே கேள்விய வேற வேற வார்த்தைல நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

வேணும்னு யாரும் பண்ண வேண்டாம் டீச்சர், விட்டுட்டாலே அப்படித்தான் ஆகும். முன்னாடி போற பஸ் ஏதோ காரணத்துல ரெண்டு நிமிஷம் லேட்டாகுதுன்னு வைங்க. அந்த ரெண்டு நிமிஷத்துல அடுத்த ஸ்டாப்புல ஆள் கூடிடும். ஏத்த நேரம் ஆகும், இன்னும் லேட்டாகும், அதுக்கடுத்த ஸ்டாப்புல இன்னும் ஆள். பின்னாடி வர்ற பஸ்ஸுக்கு ஆளே மிச்சம் இருக்காது, சல்லுன்னு வந்து முன்னாடி வண்டி வால்ல ஒட்டிக்கும். கடைசில முன் பஸ்ல படிக்கட்டு வரைக்கும் தொங்கும், பின் பஸ்ல பத்து பேர் காத்தாட உக்காந்திருப்பான். 1964லயே ரெண்டு பேர் இதை கணக்கு போட்டு எழுதிட்டாங்க, லண்டன்லயும் இதே கதைதான்.

நம்ம பக்கம் இதுக்கு மேல ஒரு விசேஷம் இருக்கு, அதுதான் ரயில்வே கேட். நீடாமங்கலம் கேட்டை தெரியாதவங்க டெல்டால இருக்க முடியாது. தஞ்சாவூர்ல இருந்து பத்து பத்து நிமிஷ இடைவெளில கிளம்பின மூணு வண்டியும் கேட்ல வந்து நிக்கும். கூட்ஸ் போகும், பாசஞ்சர் போகும், மன்னார்குடி வண்டிக்கு இன்ஜின் மாத்தி மாட்டுவாங்க, சுண்டல் விக்கறவர் ஒவ்வொரு பஸ்ஸா ஏறி இறங்கி சுண்டலையே வித்து முடிச்சிடுவார். கேட் திறந்தா மூணும் ஒண்ணா கிளம்பும். டைம் டேபிள்ல இருந்த பத்து நிமிஷ இடைவெளி அந்த கேட்லயே செத்துப் போச்சு, அதுக்கப்புறம் திருவாரூர் வரைக்கும் ஸ்டாப்புல நிக்கறவங்களுக்கு மூணு பஸ் ஒரே பஸ் மாதிரிதான்.

டீச்சர்ங்கறதால கணக்கா சொல்றேன், போர்டுல போட்டு பசங்களுக்கும் காட்டலாம். அரை மணிக்கு ரெண்டு பஸ். சரியா 15 நிமிஷத்துக்கு ஒண்ணா வந்தா, சும்மா வந்து நிக்கற ஒருத்தர் சராசரியா ஏழரை நிமிஷம் நிப்பார். அதே ரெண்டு பஸ் 28 நிமிஷம், 2 நிமிஷம்னு வந்தா? 30ல 28 பேர் அந்த பெரிய இடைவெளில வந்து மாட்டுவாங்க, அவங்களுக்கு சராசரி 14 நிமிஷம். மீதி ரெண்டு பேருக்கு ஒரு நிமிஷம். மொத்தமா சேர்த்தா 13 நிமிஷம். பஸ் எண்ணிக்கை அதேதான், டீசல் அதேதான், டிரைவர் சம்பளம் அதேதான், ஆனா காத்திருக்கற நேரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஆபீஸ்ல ரிப்போர்ட் எழுதினா "ஒரு மணிக்கு நாலு சர்வீஸ், 100 சதவீதம் இயக்கப்பட்டது"ன்னு வரும், அதுல பொய் ஒண்ணும் இல்ல. அதுக்கு மேல, நின்னுக்கிட்டு காத்திருக்கற ஒரு நிமிஷத்தை ஓடற பஸ்ல போற ரெண்டு நிமிஷமா எடுத்துக்கறது இந்த துறைல வழக்கமான கணக்கு. ஏன்னு ஏப்ரல் மாசம் நிழற்குடை இல்லாத ஸ்டாப்புல நின்னவங்களுக்கு தெரியும்.

இதுக்கு மருந்து புதுசா பஸ் வாங்கறது இல்ல, டைம் கீப்பர்தான். நடுவுல ஒரு இடத்துல ஒட்டி வர்ற வண்டியை பிடிச்சு அஞ்சு நிமிஷம் நிறுத்தி அனுப்பணும். ஆனா அப்படி நிறுத்தினா உள்ள இருக்கற நாமதான் "யோவ் எடுய்யா வண்டிய"ன்னு சத்தம் போடுவோம். அதையும் சொல்லிடணும் இல்ல.

கே: கும்பகோணம் தஞ்சாவூர் பிரைவேட் பஸ் மட்டும் ஏன் பறக்குது? (அய்யம்பேட்டை வாசகர்)

ப: பின்னாடி ஒண்ணு வருது, முன்னாடி ஒண்ணு போகுது, நடுவுல நிக்கற சவாரி யாருக்குங்கறதுதான் போட்டி. ஹாரனும் பாட்டும் இலவச இணைப்பு. அதுல ஏறுறவங்கதான் "சீக்கிரம் கொண்டு விட்டுடுவான்"னு தேடிப்போய் ஏறுறாங்கங்கறதையும் நீங்க எழுதியிருக்கலாம்.

கே: நாங்க பொம்பளைங்க மட்டும் ஸ்டாப்புல நின்னா டவுன் பஸ் தள்ளிப் போய் நிக்குது, ஓடிப் போறதுக்குள்ள எடுத்துடறாங்க. ஏறினாலும் "ஓசில வர்றீங்கல்ல, உள்ள தள்ளிப் போங்க"ன்னு பேச்சு. காசு குடுக்காததால கேக்கவும் கூச்சமா இருக்கு. (பாபநாசம் பக்கத்து வாசகி, வயல் வேலை)

ப: கூச்சமே வேண்டாம்மா. 2021 மே மாசம் சாதாரண கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லைன்னு ஆனதுல இருந்து அந்த டிக்கெட்டுக்கான பணத்தை அரசாங்கம் போக்குவரத்து கழகத்துக்கு குடுக்குது. அதாவது உங்க டிக்கெட்டுக்கு பணம் போகுது, உங்க கைல இருந்து நேரா போகலங்கறதுதான் வித்தியாசம். நீங்க சோப்பு, பேஸ்ட் வாங்கறப்ப கட்டற வரிலயும் அது இருக்கு. மாநில திட்டக்குழு நாகப்பட்டினம், மதுரை, திருப்பூர்ல எடுத்த ஆய்வுல ஒரு பொண்ணுக்கு மாசம் சராசரியா 888 ரூபாய் மிச்சமாகுதுன்னு வந்துச்சு. நடவு, களை எடுப்புன்னு கிடைச்ச நாள் வேலைக்கு போற வீட்ல 888 என்னன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

திருப்தி விஷயத்துல இந்த திட்டம் ஒரு விசித்திரம் பண்ணிடுச்சு. முன்னாடி குறைன்னு கேட்டா முதல்ல "டிக்கெட் விலை"ன்னு வரும். இப்ப அந்த குறையை எடுத்துட்டா மீதி எல்லாம் வெளிய தெரியுது, நிக்குதா இல்லையா, மரியாதை இருக்கா இல்லையா, திரும்பி வர பஸ் இருக்கா. இந்த மூணுக்கும் காசுக்கும் சம்பந்தமே இல்ல.

டிரைவர் பக்கமும் ஒண்ணு சொல்லணும், நியாயம்னு சொல்லல, காரணம்னு சொல்றேன். ஒரு ட்ரிப்புக்கு இத்தனை நிமிஷம்னு போட்ட ரன்னிங் டைம், ஸ்டாப்புல ஏறுற கூட்டம் கூடினப்புறமும் அப்படியே கிடந்தா, நாலு ஸ்டாப்பை தாண்டித்தான் அதை பிடிக்க முடியும். அந்த நாலு ஸ்டாப் எதுன்னு அவர் முடிவு பண்றப்ப யார் சத்தம் போட மாட்டாங்களோ அவங்க நிக்கற ஸ்டாப்பா பார்த்து தாண்டுறார், அங்கதான் தப்பு. நீங்க நின்னும் நிக்காம போன பஸ் எந்த சர்வேலயும் வராது, எந்த ட்ரிப் ஷீட்லயும் வராது. நீங்க சொன்னாத்தான் உண்டு. எப்படி சொல்றதுன்னு கீழ இன்னொருத்தருக்கு எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்க.

கே: ஜவுளிக்கடைல வேலை. கடை சாத்த ஒம்பது ஆகும், எங்க ஊருக்கு கடைசி பஸ் எட்டே முக்கால். தினம் ஓனர்கிட்ட கெஞ்சி இருபது நிமிஷம் முன்னாடி ஓடறேன், தீபாவளி சீசன்ல அதுவும் நடக்காது. (வலங்கைமான் பக்கத்து வாசகி)

ப: இந்த பேப்பர்ல வந்த கேள்விலயே பெரிய கேள்வி இதுதான்னு நினைக்கறேன்.

ஐரோப்பால பஸ், ரயில் சேவை தரத்துக்குன்னு 2002ல ஒரு ஸ்டாண்டர்ட் போட்டாங்க, இஎன் 13816ன்னு பேரு. எட்டு தலைப்பு அதுல. தகவல், நேரம், சௌகரியம், பாதுகாப்பு, பயணியை கவனிக்கறது, சுலபமா ஏறி இறங்கறது, சுற்றுச்சூழல் எல்லாம் இருக்கு, ஆனா முதல் தலைப்பு 'இருக்குதா'ங்கறதுதான். எந்த இடத்துக்கு, எந்த நேரத்துல, எவ்வளவு தடவை பஸ் இருக்கு. அது இல்லாதவங்களுக்கு மீதி ஏழும் எதுக்கு?

கடைசி ட்ரிப்பை ஏன் கட் பண்றாங்கன்னா கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல்னு பார்க்கறாங்க. ராத்திரி ஒம்பதரை வண்டில பதினஞ்சு பேர்தான் இருப்பாங்க, வசூல் வராது, நஷ்டம்னு எழுதிடுவாங்க. ஆனா அந்த பதினஞ்சு பேரும் காலைல எட்டு மணி பஸ்ல வந்தவங்க. ராத்திரி திரும்ப வண்டி இருக்குன்னு நம்பித்தான் காலைல பஸ் ஏறினாங்க. ராத்திரி வண்டியை நிறுத்தினா காலைலயும் அவங்க வர மாட்டாங்க, அண்ணன் பைக்லயோ ஷேர் ஆட்டோலயோ வருவாங்க, இல்ல வேலையையே விட்டுடுவாங்க. அப்புறம் காலை ட்ரிப்லயும் வசூல் குறைஞ்சுடுச்சேன்னு அதையும் பார்ப்பாங்க. ஒவ்வொரு ட்ரிப்பையும் தனித்தனியா நிறுத்து எடை போட்டா இப்படித்தான் முடியும்.

உங்களுக்கு கேக்க வேண்டியது என்னன்னா, நைட் ஹால்ட் வண்டி. ராத்திரி கடைசி ட்ரிப் ஊருக்கு வந்து அங்கயே தங்கி விடிகாலைல முதல் ட்ரிப்பா கிளம்புற வண்டி. டெல்டால எத்தனையோ ஊருக்கு இந்த ஹால்ட் வண்டி ஓடிருக்கு, இன்னும் ஓடுது. கண்டக்டர் பஸ்ஸுக்குள்ளயே கொசுவத்தி கொளுத்தி வச்சுட்டு லாங் சீட்ல படுப்பார், டிரைவர் விடிஞ்சா பம்ப் செட்ல குளிச்சுட்டு வருவார், ஊர்க்காரங்க டீ குடுப்பாங்க. இதுல காலி வண்டியா டெப்போவுக்கு திரும்பற டீசலும் மிச்சம். தங்கறவங்களுக்கு ஒரு ரூமும் கக்கூஸும் ஊர் ஏற்பாடு பண்ணிக் குடுத்தா கேக்கறதுக்கு பலம் கூடும். கிராம சபைல தீர்மானமா போடுங்க, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இதுல எது முதல்ல வருதோ அன்னிக்கு. தீர்மான காப்பியோட திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல குடுங்க. கடைல வேலை பாக்கற நீங்க எல்லாரும் சேர்ந்து எந்த ஊருக்கு எத்தனை பேர்னு ஒரு லிஸ்ட்டும் வைங்க. "பஸ் விடுங்க"ன்னு எழுதற மனு ஒண்ணு, "இத்தனை பேர் தினம் ஒம்பதே காலுக்கு இந்த ஸ்டாப்புல நிப்போம்"னு எழுதற மனு வேற.

மினி பஸ்ஸும் ஒரு வழி. புது மினி பஸ் திட்டத்தை 2025 ஜூன்ல முதலமைச்சர் தஞ்சாவூர்ல வச்சுத்தான் தொடங்கி வச்சார், பஸ்ஸே போகாத ஊர்களை மெயின் ரோட்டோட சேர்க்கறதுதான் நோக்கம், ஒரு ரூட் 25 கிலோமீட்டர் வரைக்கும் இருக்கலாம். ஆனா அது தனியார் வண்டி, காசு குடுத்துத்தான் போகணும், ராத்திரி ஒம்பதரைக்கு ஓட்டுவாங்களான்னு பர்மிட் டைம்ல கேட்டு வாங்கணும்.

கே: பெரிய ஊருக்கெல்லாம் எலெக்ட்ரிக் பஸ், ஏசி பஸ் வருது. தஞ்சாவூருக்கு எப்ப? (தஞ்சாவூர் வாசகர், மெடிக்கல் காலேஜ் ரோடு)

ப: மத்திய அரசு 2023 ஆகஸ்ட்ல 10,000 மின்சார பஸ்ஸுக்கு பிஎம் இ-பஸ் சேவான்னு ஒரு திட்டம் அறிவிச்சுது. அதுக்கு கோடு போட்டது 2011 சென்சஸ்ல 3 லட்சத்துக்கு மேல மக்கள் தொகை. தஞ்சாவூர் 2.23 லட்சம். ஸ்மார்ட் சிட்டி லிஸ்ட்ல உள்ள இருந்தோம், இதுல வெளிய. நடுத்தர ஊருக்கு இதுதான் தலையெழுத்து, கிராமம்னு சொல்லவும் முடியாது, நகரம்னு சேர்த்துக்கவும் மாட்டாங்க.

பஸ் எண்ணிக்கைக்கும் ஒரு அளவுகோல் இருக்கு. மத்திய நகர்ப்புற அமைச்சகத்தோட பெஞ்ச்மார்க்ல ஆயிரம் பேருக்கு 0.6 பஸ் இருந்தா முதல் தரம். தஞ்சாவூருக்கு போட்டா 134 பஸ், கும்பகோணத்துக்கு 84. ஆனா இந்த கணக்கு நமக்கு சரியா உக்காராது, ஏன்னா நம்ம டவுன் பஸ் டவுனுக்குள்ள ஓடற பஸ் இல்ல. பழைய பஸ் ஸ்டாண்ட்ல இருந்து கிளம்பி கரந்தை, பள்ளியக்ரஹாரம் தாண்டி திருவையாறு வரைக்கும் போகுது, அந்தப் பக்கம் வல்லம் போகுது. அதுல பாதிப் பேர் மாநகராட்சி எல்லைக்கு வெளிய இருந்து வர்றவங்க, அவங்களை எண்ணாம பஸ்ஸை மட்டும் எண்ணி என்ன பண்றது?

ஏசி வேண்டாம்னு சொல்லல. வரட்டும். ஆனா பழைய பஸ் ஸ்டாண்டுக்கும் புது பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவுல எத்தனை மணிக்கு எந்த பஸ்னு ஒரு போர்டு கண்ணுக்கு தெரியற மாதிரி எழுதி வச்சு அதன்படி ஓட்டினாலே எனக்கு பாதி திருப்தி. பெயிண்ட் அடிக்கற செலவுதான் அதுக்கு.

கே: அந்தக் காலத்துல கும்பகோணத்துல ராமன் அண்ட் ராமன் பஸ் ஓடும், கடிகாரம் பார்த்து வச்சுக்கலாம். இப்ப அந்த ஒழுங்கு எங்க போச்சு? (கும்பகோணம் வாசகர், வயது 78)

ப: ஐயா, நீங்க சொல்ற கம்பெனியை எடுத்துத்தான் 1972ல கும்பகோணத்துல சோழன் போக்குவரத்துக் கழகத்தை ஆரம்பிச்சாங்க. 1997ல கழகங்களுக்கு வச்ச பேரையெல்லாம் எடுத்தப்ப சோழனும் போயிடுச்சு, இப்ப தமிழ்நாடு அரசு போக்குவரத்துக் கழகம், கும்பகோணம். தலைமை ஆபீஸ் இன்னும் உங்க ஊர்லதான், ஆனா திருச்சி, கரூர், காரைக்குடி, புதுக்கோட்டை, நாகப்பட்டினம் எல்லாம் அதுக்கு கீழ. அன்னிக்கு ரோட்ல கார் எத்தனை, லாரி எத்தனை, அதையும் பார்க்கணும். பஸ் போகாத ஊர் அன்னிக்கு எத்தனைன்னும் பார்க்கணும். மாட்டு வண்டில வந்து பஸ் ஏறினவங்களை யாரும் திருப்தியான்னு கேட்டதில்ல.

ஆனா கடிதத்தோட கடைசில ஒரு வரி எழுதியிருக்கீங்க, "படி ஏற முடியல"ன்னு. அதுதான் எனக்கு உறைச்சுது. சாதாரண பஸ்ஸோட தரை ரோட்ல இருந்து சுமார் 900 மில்லிமீட்டர், தாழ்தளப் பஸ்ஸுக்கு 400தான். மகாமகக் குளம் பக்கத்து ஸ்டாப்புல ஒரு நாள் நின்னு பாருங்க, வயசான அம்மா ஒருத்தர் எப்படி ஏறுறாங்கன்னு. முதல்ல கூடையை தூக்கி படிமேல வைப்பாங்க, அப்புறம் ரெண்டு கையாலயும் கம்பியை பிடிச்சு, முட்டியை ஒரு கையால அமுக்கி ஊன்றி, பின்னாடி நிக்கற யாராவது இடுப்புல கை குடுத்து தூக்கி விட்டாத்தான் உடம்பு மேல போகும். அதுக்குள்ள கண்டக்டர் ரெண்டு விசில் குடுத்துடுவார். அப்படி ஏறின அம்மாவை அடுத்த ஸ்டாப்புல பிடிச்சு கேட்டா "நல்லாத்தான் ஓட்டுறாங்க தம்பி"ன்னுதான் சொல்லுவாங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016லயே வந்தாச்சு, தாழ்தளப் பஸ் நம்ம ஊர் டவுன் ரூட்டுக்கும் வேணும்னு கேக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு. ரோட்டை ஸ்டாப்புல நாலு விரல்கடை பள்ளம் இல்லாம சரி பண்ணி, பஸ்ஸை நடுரோட்ல நிறுத்தாம ஓரத்துல ஒட்டி நிறுத்தினாலே முதல் படி பாதி குறையும்.

கே: புகார் குடுத்தா எதாவது நடக்குமா? எத்தனையோ தடவை சொல்லியாச்சு. (மன்னார்குடி வாசகர்)

ப: என்ன சொன்னீங்கன்னு பார்க்கணும். "பஸ் சரியா வர்றதில்ல, கண்டக்டர் சரியில்ல"ன்னு போன் பண்ணா கேக்கறவர் என்ன பண்ணுவார், "சரிங்க சார், சொல்லிடறோம்"பார். நாலு விஷயம் வேணும்: வண்டி நம்பர் (கும்பகோணம் கழக வண்டி நிறைய 'டிஎன் 68 என்'னு ஆரம்பிக்கும், கடைசி நாலு நம்பர்தான் முக்கியம்), தேதி, மணி, ஸ்டாப் பேர். ஏறியிருந்தீங்கன்னா டிக்கெட்டை கசக்கிப் போடாதீங்க, அதுலயே மணி, ஸ்டேஜ் எல்லாம் அடிச்சிருக்கும். ஜீரோ டிக்கெட்டா இருந்தாலும் வச்சுக்கணும், பாபநாசம் அம்மா கவனிக்க. போன்ல சொன்னா பதிவு நம்பர் கேட்டு வாங்குங்க, நம்பர் இல்லாத புகார் காத்துல போயிடும். ஒரே வண்டி ஒரே ஸ்டாப்புல நிக்கலைன்னு வேற வேற நாள்ல வேற வேற ஆள் புகார் குடுத்தா அது டெப்போ மேனேஜர் மேஜைக்கு போயே ஆகணும். நல்லா நடந்துக்கிட்ட கண்டக்டரை பாராட்டியும் ஒண்ணு போடுங்க, அவங்களுக்கு கிடைக்கறதெல்லாம் மெமோதான்.

கே: காலேஜ் டைம்ல ஃபுட்போர்டு அடிக்காதீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, உள்ள இடம் இருந்தா நாங்க ஏன் தொங்குறோம்? (மயிலாடுதுறை மாணவர்)

ப: எட்டரை மணிக்கு ஸ்கூல், காலேஜ், ஆபீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே பஸ்ஸை நம்பி இருக்கு, இடம் இல்லைங்கறது உண்மை. ஆனா தம்பி, உள்ள நடுவுல நிக்க இடம் இருந்தும் படிக்கட்டுல நிக்கற ரெண்டு பேர் உங்க செட்ல உண்டா இல்லையா? அவனை முதல்ல உள்ள இழுத்து விடு. மீதிக்கு, எட்டு இருபதுக்கு எத்தனை பேர் பஸ் பாஸ் வச்சிருக்கீங்கன்னு கணக்கெடுத்து பிரின்சிபல் கையெழுத்தோட டெப்போவுக்கு குடுங்க. காலைல ஒரு ஸ்பேர் வண்டி கேட்டு வாங்கின காலேஜ் உண்டு.

கே: தஞ்சாவூர் கும்பகோணம் பஸ்ல எந்தப் பக்கம் உக்காந்தா வெயில் அடிக்காது? சும்மா கேக்கலை சார், தினம் போறேன். (தாராசுரம் வாசகர்)

ப: இதுதான் கேள்வி! காலைல தஞ்சாவூர்ல இருந்து போறப்ப வண்டி வடகிழக்கா போகும், சூரியன் வலது பக்கம். சாயங்காலம் கும்பகோணத்துல இருந்து திரும்பறப்ப தென்மேற்கா வரும், அப்பவும் வெயில் வலது பக்கம்தான். நீங்க தாராசுரம்ங்கறதால எதிர் திசைல போவீங்க, காலைல தஞ்சாவூருக்கு, சாயங்காலம் ஊருக்கு. அப்ப காலைல வெயில் முதுகுப் பக்கம் இடதுல, சாயங்காலமும் இடது பக்கம்தான். அதனால உங்களுக்கு ரெண்டு வேளையும் டிரைவர் பக்கம், வலது ஜன்னல். இடது பக்கம் பெரும்பாலும் லேடீஸ் சீட்டுங்கறதால உங்களுக்கு சண்டையும் இல்ல. தஞ்சாவூர்ல இருந்து கும்பகோணம் வேலைக்கு போற ஆம்பளைங்கதான் பாவம், அவங்களுக்கு துண்டு ஒண்ணு எடுத்துட்டு போகச் சொல்லுங்க.